முதியோர் இல்லத்தில் ஒருமுறை விழுந்த அம்மா ஏன் எழுந்து நடக்க மறுக்கிறார்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 79 வயதான உங்கள் தாயார் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் விடியற்காலையில் கட்டிலருகே விழுந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. வீக்கமும் இரண்டு வாரத்தில் வற்றிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் தனியாக எழுந்து நிற்பதே இல்லை. வீல்சேரிலேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று இல்லத்தினர் சொல்கிறார்கள். இது மனநோயா, பிடிவாதமா, மாத்திரையால் தீருமா, வீல்சேர் சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இயன்முறை சிகிச்சையாளர். பல ஆண்டுகளாக முதியோர் இல்லங்களுக்கு நேரில் சென்று சிகிச்சை அளித்து வருபவன். நீங்கள் விவரித்திருப்பதை மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பார்க்கிறேன். இதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். மனநோய் என்ற பெயரும் பெரும்பாலும் இதற்குப் பொருந்தாது. தம் உடம்பின் மேல் இருந்த நம்பிக்கை ஒரே நாளில் உடைந்துபோன ஒருவர், அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற வழியே இல்லாத இடத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்; சிக்கல் இந்த இரண்டாவது பகுதியில்தான் அதிகம் இருக்கிறது. இல்லத்தில் விழுதல் அச்சம் முதியவர் ஒருவரிடம் மட்டும் இருப்பதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் நிர்வாகியிடமும், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசும் பிள்ளையிடமும் அது இருக்கிறது. முதியவரின் அச்சத்துக்கு மட்டும் மருந்து தேடினால் மற்றவர்களின் அச்சம் அதை மறுபடியும் வளர்த்துவிடும்.

மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. 1982ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று இங்கிலாந்தில் முதியோர் மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான பெர்னார்ட் ஐசக்சும் அவருடன் பணியாற்றிய மர்ஃபியும் எழுதியது. விழுந்து மருத்துவமனைக்கு வந்த முதியோர் சிலரிடம், எலும்பிலோ நரம்பிலோ அதை விளக்கும் கோளாறு இல்லாதபோதும், ஆதரவின்றி ஓரடி எடுத்துவைக்க முடியாமல் கைக்கெட்டிய பொருளையெல்லாம் எட்டிப் பற்றிக்கொள்ளும் நிலை இருப்பதை அவர்கள் விவரித்து, அதற்கு ‘விழுதலுக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுதி’ என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கட்டுரை இதை ‘டோஃபோபியா’, அதாவது விழுதல் பற்றிய பேரச்சம், என்று அழைத்து, அச்சநோய் வகையில் சேர்த்தது. பிறகு 1990இல் யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டி கேள்வியையே மாற்றினார். ‘உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?’ என்று கேட்டால், கௌரவம் பார்ப்பவர் இல்லை என்பார், கலங்கியிருப்பவர் ஆம் என்பார். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, குளிப்பது, உடை மாற்றுவது, நாற்காலியிலிருந்து எழுவது போன்ற 10 காரியங்களைச் சொல்லி, விழாமல் செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்டார். 2005இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதை 16 கேள்விகளாக விரித்தார்கள். 16 முதல் 64 வரை மதிப்பெண், கூடக்கூடக் கவலை அதிகம் என்று பொருள்.

அந்தக் கேள்வித்தாளை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இல்லவாசிகளிடம் அது பாதியில் தடுக்கிவிடுகிறது. வீட்டைச் சுத்தம் செய்வது, கடைக்குப் போவது, எளிய சமையல் செய்வது, உறவினர் வீட்டுக்குப் போவது என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். ‘எதையும் செய்யவே விடுவதில்லையே, இதில் பயத்துக்கு எங்கே போவது?’ என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்டார். அதிலிருந்து நான் தாளை மடித்து வைத்துவிட்டு, எதற்குப் பயப்படுகிறீர்கள், விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

கிடைக்கும் பதில்கள் பிள்ளைகள் எதிர்பார்ப்பவையாக இருப்பதில்லை. எலும்பு முறிவையும் வலியையும் முதலில் சொல்பவர்கள் குறைவு. பொள்ளாச்சிப் பக்கத்து மூதாட்டி ஒருவர், கட்டில் சட்டத்தை இடது கையால் பற்றியபடியே, ‘உழுகறதுக்குப் பயமில்ல கண்ணு, உழுந்து கெடந்தா ஆரு வந்து பாப்பாங்க?’ என்றார். அவர் விழுந்த அன்று குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டிருந்தார். கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. கதவைத் திறக்க ஆள் வந்து சேரும்வரை ஈரத்தரையில் கிடந்தார். அவர் பயப்படுவது விழும் அந்த ஒரு நொடிக்கு அன்று, அதற்குப் பின் கிடந்த நேரத்துக்குத்தான். வேறு சிலர், இன்னொருமுறை விழுந்தால் தம்மைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். பல இல்லங்களில் கீழ்த்தளம் என்றால் படுத்த படுக்கையானவர்களின் இடம் என்பது மேலே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்குச் செலவு வைத்துவிடுவோம் என்ற பயமும், நனைந்த உடையோடு நாலு பேர் முன்னால் தூக்கப்படும் அவமானமும் அடிக்கடி வரும் பதில்கள். உங்கள் தாயாரின் பதில் எது என்று தெரியாமல் அவருடைய பயத்தைப் போக்க முயல்வது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் பிடுங்கப் போவதைப் போன்றது.

அந்த மூதாட்டியின் அச்சம் கற்பனை அன்று என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வில், விழுந்தவர்களில் ஐந்தில் நான்கு பேரால் ஒருமுறையாவது தாமாக எழ முடியாமல் போயிருந்தது. பத்தில் மூவர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருந்தார்கள். அழைப்பு மணி வசதி இருந்தவர்களிலும் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை. மணி எட்டும் தூரத்தில் இல்லாததும், தொந்தரவு கொடுக்க மனம் வராததும் இங்கேயும் நான் காணும் காரணங்கள்தாம். கட்டிலுக்கு மேல் சுவரில் பொருத்திய மணியால் தரையில் கிடப்பவருக்கு என்ன பயன் என்பதை இல்லம் கட்டுபவர்கள் ஏனோ யோசிப்பதில்லை.

இனி இந்த அச்சம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பயந்தவர் நடக்கும்போது கணுக்காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. நாம் அசையாமல் நிற்கும்போதுகூட உடம்பு சற்றே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது; கணுக்கால் நெகிழ்ந்து கொடுப்பதால்தான் அந்த ஆட்டம் வெளியே தெரியாமல் சமன்படுகிறது. இறுகிய கணுக்காலால் அதைச் செய்ய முடியாது. ஆளே மரக்கட்டை போல ஒரு பக்கமாகச் சாய்கிறார். அடி குறுகிப்போகிறது, பாதம் தரையை விட்டு எழும்புவதில்லை, கண் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் எதிரே வரும் வீல்சேர் தெரிவதில்லை, கவனம் முழுவதும் காலில் இருப்பதால் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நடை தடுமாறுகிறது. சுவீடனின் உமியோ நகரில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 1997இல் நடந்த எளிய சோதனை இதை அழகாகக் காட்டியது. நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா என்பதை மட்டும் பார்த்தார்கள். 58 பேரில் 12 பேர் நின்றார்கள், அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தார்கள். செலவில்லாத சோதனை. அடுத்த முறை தாயாரைப் பார்க்கப் போகும்போது, அவர் நடக்கும் நிலையில் இருந்தால், நீங்களே கவனிக்கலாம்.

நடக்காமலே இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உடல்நலத்தோடு இருந்த முதியவர்களையே 10 நாள் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் கால்களின் கொழுப்பு நீங்கிய திசு, அதாவது பெரும்பாலும் தசை, மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கரைந்திருந்தது. உங்கள் தாயார் நான்கு மாதமாக எழவில்லை. முதல் வாரம் அவர் நடக்காமல் இருந்ததற்குப் பயம் காரணம். இன்று காலும் சேர்ந்து காரணமாகிவிட்டது. ‘என்னால் நிற்க முடியாது’ என்று இப்போது அவர் சொன்னால் அது பெருமளவு உண்மை, அதனால்தான் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை, சும்மா பயப்படுகிறீர்கள்’ என்ற சொல் அவருக்கு எரிச்சலூட்டும்.

இன்னொரு விளைவைப் பலரும் கவனிப்பதில்லை. இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டியிருக்குமே என்று மாலை நான்கு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கட்டிலருகே இருக்கும் தண்ணீர் பாட்டில் காலையில் பார்த்தாலும் வைத்த அளவிலேயே இருக்கும். உடம்பில் நீர் குறைந்தால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறது, மலச்சிக்கல் வருகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது, தொற்றோடு மனக்குழப்பம் வருகிறது. கடைசியில் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதே விழுதல் நேர்கிறது. இது நடக்கிறதா என்பதை அறியப் பெரிய பரிசோதனை வேண்டாம், அந்த பாட்டிலைப் பார்த்தாலே போதும்.

இல்லத்தாரின் அச்சத்துக்கு வருகிறேன். அவர்களைக் குறை சொல்வது எளிது; ஆனால் இரவுப் பணியில் இருபது பேருக்கு ஒரு ஆயா என்ற கணக்கில், யாராவது விழுந்தால் காலையில் நிர்வாகிக்கும் மாலையில் பிள்ளைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர்தான். ஒரு பெரியவர் மூன்று மாதமாக நடக்காமல் கால் சூம்பிப்போனால் அந்த ஆயாவை யாரும் கேள்வி கேட்பதில்லை. நடக்கவிட்டு விழுந்தால் கேட்கிறார்கள். எனவே நாற்காலியிலிருந்து யாராவது லேசாக முன்னால் சாய்ந்தாலே ‘உட்காருங்க, உட்காருங்க, விழுந்துருவீங்க’ என்ற குரல் எழுகிறது. ஒரு இல்லத்தின் கூடத்தில் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையே இந்தச் சொல் எத்தனை முறை ஒலிக்கிறது என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு அத்தனை முறை ‘விழுந்துருவீங்க’ என்று கேட்கும் ஒருவரிடம் நம்பிக்கை எப்படி ஊறும்?

வீல்சேரும், அதில் இடுப்பைச் சுற்றிப் போடும் துணிக் கட்டும், கட்டிலின் இருபுறத் தடுப்புக் கம்பியும் பாதுகாப்பு என்ற எண்ணம் அனுபவத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ இல்லவாசிகளைக் கட்டிவைக்கக் கூடாது என்றது. கட்டைக் குறைத்தால் எலும்பு முறிவுகள் பெருகும் என்று அப்போது அஞ்சினார்கள். கட்டுகளைக் கைவிட்ட இல்லங்களில் பெருங்காயங்கள் கூடவில்லை. தடுப்புக் கம்பியைத் தாண்டி இறங்க முயல்பவர் கூடுதல் உயரத்திலிருந்து விழுகிறார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. வீல்சேரில் நாளெல்லாம் இருப்பவரும் விழத்தான் செய்கிறார், பெரும்பாலும் அதிலிருந்து கட்டிலுக்கு மாறும் அந்த இரண்டு நிமிடங்களில். பழக்கமற்ற கால் அந்தச் சிறு வேலைக்கும் உதவுவதில்லை.

விழுதல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பற்றி எனக்கே இருந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு இல்லங்களின் பொதுவிடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 சம்பவங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். வழுக்கி விழுந்தவை அவற்றில் 3 விழுக்காடு மட்டுமே. தடுக்கி விழுந்தவை 21 விழுக்காடு. உடல் எடையைத் தவறாக மாற்றியதால் விழுந்தவை 41 விழுக்காடு: அதாவது திரும்பும்போது, உட்காரப் போகும்போது, எட்டி எதையோ எடுக்கும்போது, எடையைத் தாங்க வேண்டிய கால் தயாராகும் முன்பே உடம்பு அந்தப் பக்கம் போய்விடுகிறது. குளியலறைகளில் கேமரா இல்லை என்பதால் ஈரத்தரையைப் பற்றி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. நம் ஊர்க் குளியலறைகள் எந்நேரமும் ஈரமாகவே கிடப்பவை. ஆனாலும் இல்லங்கள் தரை துடைப்பதில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையாவது, எழுவதையும் திரும்புவதையும் உட்காருவதையும் பழக்குவதில் காட்டினால் நல்லது.

பயம் முழுவதும் தேவையற்றது என்றும் நான் சொல்ல வரவில்லை. சிட்னியில் 500 முதியவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உண்மையில் விழும் வாய்ப்பும் மனத்தில் உள்ள பயமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் பொருந்தவில்லை. உடல் திடமாக இருந்தும் அஞ்சியவர்கள் 54 பேர். உடல் தளர்ந்திருந்தும் அஞ்சாதவர்கள் 100 பேர். மற்றவர்களின் பயமோ பயமின்மையோ அவர்கள் உடல்நிலைக்கு ஏற்றதாகவே இருந்தது. ஆகவே உங்கள் தாயாரின் பயம் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு உடம்பைச் சோதிக்காமல் வழியில்லை. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்; மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அவர் ‘கிறுகிறுன்னு வருது’ என்று சொல்வதற்குக் காரணம் மனத்தில் இல்லை. எந்த மாத்திரை எந்த நேரத்தில் கொடுக்கப்படுகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை மாலையில் தரப்பட்டால் இரவில் மூன்று முறை எழத்தான் வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை விடியற்காலைவரை கால்களைத் தள்ளாட வைக்கும். உங்கள் தாயார் விழுந்த நேரமும் விடியற்காலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும், முக்கியமாகத் தூக்க மாத்திரையை, திடீரென நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளி என்றால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்புரை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்: நாட்டிங்காமில் 306 பெண்களிடம் நடந்த ஆய்வில், முதல் கண்ணின் புரையை விரைவில் நீக்கியவர்கள் விழுவது 34 விழுக்காடு குறைந்தது, அவர்களுடைய தன்னம்பிக்கையும் கூடியது. இல்லத்தின் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருந்தால், பார்வை மங்கியவர்களுக்கு அந்தக் கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் அந்த இடத்தில் மட்டும் நின்றுவிடுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

சிகிச்சை என்று நான் சொல்வது முதன்மையாகக் காலுக்கான பயிற்சிதான். இந்த வயதில் பயிற்சியால் என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு, பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 90 வயதான 10 பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்து 1990இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது, இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களைச் சேர்ந்த 221 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், படிப்படியாகக் கூட்டிய எடைப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்து விழுதல்களைப் பாதிக்கு மேல், 55 விழுக்காடு, குறைத்தன. பயத்தின் மேல் பயிற்சிக்கு உள்ள தாக்கம் இவ்வளவு பெரியதன்று. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதைச் சிறிது முதல் நடுத்தரம் வரை என்றுதான் மதிப்பிடுகிறார்கள். என் அனுபவமும் அதுவே. கால் முதலில் தேறுகிறது, மனம் ஒரு மாதம் பின்தங்கி வருகிறது. அந்த ஒரு மாதத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் பொறுமையிழந்து பயிற்சியை நிறுத்திவிடுகின்றன.

எப்படித் தொடங்குவது? கட்டிலின் உயரத்திலிருந்து. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரமாக இருக்க வேண்டும். வாரில்லாத ஹவாய் செருப்பும் தரையில் புரளும் நைட்டியும் வேண்டாம். எழுந்து நிற்கப் பழக, கைவைத்த கனமான மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கையை ஊன்றி எழும்போது பின்னால் நழுவும். முதல் வாரம் நடை பற்றிய பேச்சே வேண்டாம். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் குனிந்து, பிட்டத்தை ஒரு விரற்கடை உயர்த்தி மறுபடி உட்கார்வது மட்டும் போதும். பயந்தவர்கள் பின்னால் சாய்ந்தபடியே எழ முயல்வார்கள். குனிந்தால் தலைகுப்புற விழுவோம் என்று தோன்றும். அதனால் அவர்களுக்கு முன்னால் ஒரு மேசை வைத்து, அதன்மேல் இரு கைகளையும் பரப்பித் தள்ளச் சொல்வேன். முன்னால் சாய்வதற்கு ஒரு இடம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததும் பாதி இறுக்கம் போய்விடுகிறது.

உதவுபவர் கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் பயத்தைக் கூட்டும். தம் எடை எங்கே இருக்கிறது என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று, ஒரு கையை இடுப்பின் பின்புறம் வைத்து, மற்றொரு உள்ளங்கையை அவர் அழுத்திக்கொள்ள நீட்ட வேண்டும். பிடி அவருடையதாக இருக்க வேண்டும். இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நன்றாக நிற்கத் தொடங்கியிருந்த ஓர் அம்மாவிடம் ‘நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று சொல்லியபடியே, அவர் அறியாமல் கையை எடுத்துவிட்டேன். பிடியில்லாமல் தாமாகவே நின்றார் என்று பிறகு சொல்லி மகிழ்விக்க நினைத்தேன். திரும்பிப் பார்த்தவர் விழவில்லை. ஆனால் அதன்பின் ஆறு வாரம் என் கையைத் தொடவில்லை. ‘இப்போது கையை எடுக்கப் போகிறேன், சரியா?’ என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே எடுக்க வேண்டும் என்பதை அந்த ஆறு வாரம் கற்றுக்கொடுத்தது.

கிடந்துவிடுவோமே என்ற பயம் உள்ளவர்களுக்கு நான் தவறாமல் செய்யும் ஒன்று, தரையிலிருந்து எழக் கற்றுக்கொடுப்பது. தரையில் அமர்ந்து உண்டு, பாய் விரித்துப் படுத்து வாழ்ந்த தலைமுறை இது; கட்டிலும் நாற்காலியும் மட்டுமே உள்ள இல்லத்துக்கு வந்த சில ஆண்டுகளில் தரை அவர்களுக்கு அந்நிய தேசமாகிவிடுகிறது. பயிற்சியைப் பின்னிருந்து தொடங்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஒரு முழங்காலை மட்டும் தடித்த மெத்தையில் ஊன்றி எழுவது ஒருநாள், இரண்டு முழங்காலையும் ஊன்றுவது சில நாள் கழித்து, பிறகு கையும் காலும் ஊன்றித் தவழும் நிலை, அதன்பின் ஒருக்களித்து அமர்வது, கடைசியாகவே படுப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் எழும் வழி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். முழங்கால் தேய்மானத்தால் இதைச் செய்ய முடியாதவர்களுக்கு, உருண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது, கழுத்தில் தொங்கவிட்ட விசிலை ஊதுவது ஆகியவற்றைப் பழக்குவேன். அந்தப் பொள்ளாச்சி மூதாட்டி கேட்டது இரண்டே: குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும் வகைக்கு மாற்றுவதும், ஒரு விசிலும். இரண்டும் கிடைத்த பிறகே அவர் வாக்கரைத் தொட்டார்.

மறதி நோய் உள்ளவர்களிடம் இந்த அச்சம் சொல்லாக வராது. தூக்கும்போது ஆயாவின் புடவையை இறுகப் பற்றுவது, குளிக்க அழைத்தால் கத்துவது, கட்டில் கம்பியை விடாதிருப்பது ஆகியவற்றை ‘ரொம்பப் படுத்துறாங்க’ என்று குறித்துவைத்து, சில இடங்களில் அதற்குத் தூக்கம் தரும் மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். அது மேலும் விழவைக்கும். உங்கள் தாயாருக்கு அந்த நிலை இல்லை என்று நினைக்கிறேன்.

மாத்திரையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு: பயத்துக்கென்று நேரடி மாத்திரை இல்லை, பதற்றத்துக்குத் தரப்படும் பல மருந்துகள் விழும் வாய்ப்பைக் கூட்டுபவை. சோர்வு, உறக்கமின்மை, சாப்பிட மனமின்மை, யாரோடும் பேசாதிருத்தல் ஆகியவை சேர்ந்திருந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். அது தனியே சிகிச்சை பெற வேண்டியது. வீல்சேர் தோட்டத்துக்கோ மருத்துவமனைக்கோ போக உதவும் வண்டியாக இருக்கட்டும். சாப்பாட்டு மேசைக்குப் போனதும் அதிலிருந்து இறங்கிச் சாதாரண நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வேளை உணவுக்கே ஆறு முறை எழுந்து நிற்கும் பயிற்சி கிடைத்துவிடும்.

நீங்கள் இல்லத்தாரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை எழுதியே கொடுங்கள்: அம்மா நடக்கப் பழகும்போது விழக்கூடும் என்று அறிந்தே இதைக் கேட்கிறோம், கவனத்தோடு இருந்தும் விழுந்தால் பணியில் இருந்தவரைக் குற்றம் சாட்ட மாட்டோம். கவனக்குறைவை மன்னிக்கும் தாள் ஆகாது அது. ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்த பிறகு ஆயாவின் குரல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். தொலைபேசியில் ‘ஜாக்கிரதையா இருங்கம்மா, எழுந்திரிக்காதீங்க’ என்று முடிக்கும் வழக்கம் உங்களுக்கும் இருக்கும். அதற்குப் பதிலாக இன்று எத்தனை முறை எழுந்து நின்றீர்கள் என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் அதற்கும் ஒன்றும் சொல்லாமல் மறுநாளும் கேளுங்கள்.

பயிற்சி தொடங்கும் முன் இரண்டு செய்திகளை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத மெல்லிய விரிசல் இடுப்பிலோ தொடை எலும்பின் மேற்பகுதியிலோ இருக்கக்கூடும். நான்கு மாதத்துக்குப் பிறகும் காலை ஊன்றும்போது தொடை இடுக்கில் வலிக்கிறது என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்து, விழுந்த அன்று தலையும் இடித்திருந்தால், அதன்பின் புதிதாகத் தலைவலியோ மந்தமோ ஒரு பக்கக் கால் இழுப்போ வந்ததா என்று இரவுப் பணி ஆயாவிடம் கேளுங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்தும் வெளிப்படும், அந்த நிலையில் நடக்க மறுப்பதைப் பயம் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.